வலிப்பு நோயும் மரபணுவும்

குழந்தைக்கு வலிப்பு கண்டால், தாய்வழிக் குறையா, தந்தைவழிக் குறையா என்று பழி தேடுவோர் நம்மிடையே உண்டு. ஆராய்ச்சி கூறுவதைக் கேட்போம்.

2001ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டு ஆய்வாளர்கள், குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும் ‘டிராவே’ என்னும் கடும் வலிப்பு நோயுடைய ஏழு பேரை ஆராய்ந்தனர். எழுவரிடமும் எஸ்.சி.என்.1ஏ என்னும் மரபணு பழுதுற்றிருந்தது. பெற்றோரிடம் அப்பழுது இல்லை. அது பிள்ளையிடம் புதிதாகத் தோன்றியதாகும். இப்பழுதினால் மூளையின் கிளர்ச்சியை அடக்கும் நரம்பணுக்கள் தளர்கின்றன, வலிப்பு எழுகின்றது.

எல்லா வலிப்பும் மரபணுவால் வருவதன்று. தலைக்காயத்தாலும் மூளைக்காய்ச்சலாலும் வரலாம். காரணத்திற்கேற்ப மருந்தும் மாறும். டிராவே நோயைச் சில வலிப்பு மருந்துகளே மிகுவிக்கும். ஆகவே, பழி தேடுவதை விடுத்து மருத்துவரை நாடுவோம்; அவர் தந்த மருந்தை நாமாக நிறுத்தாதிருப்போம்.