விறகு கேட்ட உழவர்கள்

தென் ஜெர்மனியின் உழவர்கள் 1525-ஆம் ஆண்டில் மெம்மிங்கன் நகரில் கூடி வகுத்த பன்னிரண்டு கோரிக்கைகளை முதன்முதல் படித்தபோது நான் வியந்தேன். அரசாளும் உரிமையையா கேட்டார்கள்? இல்லை. பாதிரியாரைத் தாங்களே தேர்ந்தெடுக்கவும், காட்டில் விறகு வெட்டவும், ஓடையில் மீன் பிடிக்கவும் உரிமை கேட்டார்கள்! இதற்கா ஒரு போர்? அவர்களுடைய அன்றாட வாழ்வைக் கற்ற பின்னரே எனக்கு விடை கிடைத்தது.

பல ஊர்களில் விளைநிலம் மூன்று பகுதியாக இருந்தது. ஒன்றில் குளிர்காலத்துக்கு முன் விதைத்த ரை, மற்றொன்றில் இளவேனிலில் விதைத்த ஓட்ஸ் அல்லது பார்லி, மூன்றாவது தரிசு. ஆண்டுதோறும் இவை முறை மாறும். எப்போது விதைப்பது, எப்போது அறுப்பது என்பதை ஊரே கூடி முடிவு செய்யும்.

விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு தசமபாகமாகப் போய்விடும். பிரபுவின் வயலில் கூலியின்றி உழைக்க வேண்டும். பண்ணையடிமையான குடும்பத் தலைவன் இறந்தாலோ, வீட்டிலிருந்த நல்ல மாட்டையே பிரபுவின் ஆட்கள் ஓட்டிச் செல்வதுண்டு. எஞ்சியது கறுப்பு ரொட்டியும் கஞ்சியும்தான்.

நீண்ட குளிர்காலத்தில் அந்தக் கஞ்சி காயவும், குழந்தைகள் குளிர் காயவும் விறகு வேண்டும். காடோ பிரபுக்களின் கையில்! அவர்கள் கேட்டது விறகையா, உயிரையா?

கிளர்ச்சி கொடுமையாக அடக்கப்பட்டது, பல்லாயிரவர் மடிந்தனர். பிரஷ்ய நாட்டில் பண்ணையடிமையை ஒழிக்கும் ஆணை 1807-இல்தான் பிறந்தது. நண்பர்களே, அரசர்களின் ஆண்டுகளை மனப்பாடம் செய்யும் நாம், அந்த அடுப்பையும் சிறிது எண்ணிப் பார்ப்போம்.