ஈயை எண்ண வருகிறவனுக்கு

கார்வேட்டிநகரம்

மருமகனே,

திருப்பதியில் கால்நடை வைத்தியம் படிக்கும் நீ, மழை விட்டதும் நம்மூர்க் கொட்டில்களில் இரத்தம் குடிக்கும் ஈக்களைக் கணக்கெடுக்க வருவதாக எழுதியிருந்தாய். வா, ஆனால் வலையைத் தூக்குமுன் கண்ணைப் பழக்கிக்கொள். மாட்டின் முன்னங்காலில் தலை மேலாக அமர்ந்து, ஊசிபோன்ற வாயை முன்னே நீட்டியிருப்பது கொட்டில் ஈ; ஆணும் பெண்ணும் கடிக்கும் அதை வீட்டு ஈ என்று எழுதிவைத்த மகானுபாவர்கள் உண்டு. தெலுங்கில் ஜோரீக என்று சொல்லும் குதிரை ஈயோ வேறு ஜாதி. அதன் ஆண் பூந்தேனோடு திருப்தியடைய, இரு கண்களுக்கும் நடுவே சிறு இடைவெளியுள்ள பெண் மட்டுமே முட்டையின் பொருட்டு இரத்தம் நாடித் தோலைக் கத்திபோல் அறுத்து, ஊறிவருவதை நக்குகிறது. வேதனை தாளாமல் மாடு வாலை வீச, அரைவயிற்றோடு எழும்பி அது அடுத்த மாட்டின்மேல் அமரும் அந்தச் சில நிமிஷங்களிலேதான், வாயின் ஈரம் காயுமுன், கால்நடைகளைப் பீடிக்கும் சர்ரா நோயின் கிருமி இடம் மாறுகிறது.

அக்கிருமியை 1880-ல் தேரா இஸ்மாயில்கானில் குதிரை, ஒட்டகங்களின் இரத்தத்தில் கண்டவர் கிரிபித் எவான்ஸ் என்னும் ராணுவக் கால்நடை வைத்தியர். மேலதிகாரிகள் லேசில் நம்பவில்லை. ஆனால் 1935-ல் நூறு வயதில் காலமான அவருக்கு, உலகம் ஒப்புக்கொண்டதைக் காணும் பாக்கியம் இருந்தது. 2000-ஆம் ஆண்டு ஒடிசாவின் நந்தன்கானன் உயிரியல் பூங்காவில் பன்னிரண்டுக்குக் குறையாத புலிகளை மாய்த்ததும் அக்கிருமியே. காட்டு மிருகத்தையும் அது விடாது; ஆகையால் கொட்டிலோடு நிற்காமல் காட்டோர மேய்ச்சல் நிலத்துக்கும் போ.

நீலமும் கறுப்புமான துணியில் தைத்த பொறி, நிறத்தால் ஈயை உள்ளே இழுத்து, வெளிச்சத்தை நாடி மேலேற வைத்துக் குப்பியில் சேர்த்துவிடும். புதர் மறைக்காத வெயிலிடத்தில் அதை நாட்டி, கம்பத்தில் கிரீஸ் தடவு. ஒருமுறை அதை மறந்த நான், எறும்பு தின்றது போக மிஞ்சிய சிறகுகளைத்தான் காலையில் எண்ணினேன்.

இன்னொன்று. கணக்கேட்டில் காலியாக விட்ட வரியைப் பார்க்கிறவன், ஈ இல்லையென்று கொள்வானா, நீ போகவில்லையென்று கொள்வானா? ஒன்றும் விழாத நாளிலும் தேதியும் இடமும் குறித்து, எதிரே ஒரு சைபர் போட்டு வை.