குமிழில் 4 என்றால் உள்ளே 4 டிகிரியா?

நம்பிக்கை: குமிழை 4-ல் வைத்தால் உள்ளே 4 டிகிரி.

உண்மை: ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்களில் 1 முதல் 7 வரை அச்சிட்டிருக்கும் எண்களுக்கும் டிகிரிக்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலான மாடல்களில் எண் ஏற ஏறக் குளிர் ஏறும், அவ்வளவுதான். சமைத்த உணவு 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 4-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் நிம்மதி. ஃப்ரீசருக்கு மைனஸ் 18. ஒரு தம்ளர் தண்ணீரில் ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டரைப் போட்டு, நடுத் தட்டில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் பால் எடுக்கக் கதவைத் திறந்ததும் முதலில் அதைப் பாருங்கள். 7, 8 என்று காட்டினால் குமிழைத் திருப்பி, மறுநாள் மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்காவிட்டால் கதவு ரப்பரைச் சோதியுங்கள். காற்று போக இடமில்லாமல் பாத்திரங்களை அடைத்திருந்தாலும் இதே கதைதான்.

நம்பிக்கை: சாம்பார் முழுக்க ஆறிய பிறகுதான் உள்ளே வைக்க வேண்டும்.

உண்மை: இதில் பாதி சரி. கொதிக்கும் அண்டாவை அப்படியே உள்ளே தள்ளினால் பக்கத்திலிருக்கும் பாலும் தயிரும் சூடேறும். ஆனால் மதியம் வைத்த சாம்பாரை ‘ஆறட்டும்’ என்று இரவுவரை அடுப்பு மேடையில் விடுவது அதைவிட மோசம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் பாக்டீரியா வேகமாகப் பெருகும். வெளியே இரண்டு மணி நேரம் எல்லை. அறையில் 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான். நம் சித்திரை மாதச் சமையலறை எந்தக் கணக்கில் வரும் என்று சொல்லத் தேவையில்லை. அகலமான இரண்டு மூன்று பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, தட்டில் தண்ணீர் விட்டு அதில் வைத்தால் சீக்கிரம் ஆறும். வெதுவெதுப்பாக இருந்தாலும் உள்ளே வைத்துவிடலாம்.

நம்பிக்கை: நன்றாகச் சூடுபண்ணினால் எல்லாம் சரியாகிவிடும்.

உண்மை: அரிசியோடு வரும் பேசிலஸ் சீரியஸ் பாக்டீரியாவின் வித்துகள் சோறு வெந்தாலும் சாவதில்லை. சோறு வெளியிலேயே கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். அப்போது உண்டாகும், வாந்தி வரவழைக்கும் நச்சு, மறுபடி சூடுபண்ணினாலும் அழியாது. முகர்ந்து பார்த்தும் தெரியாது. நோய் தரும் கிருமி வாடை காட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃப்ரிட்ஜ் குளிரிலும் மெல்லப் பெருகும். கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் இதை மறக்கக் கூடாது.

நம்பிக்கை: பாலுக்குக் கதவுத் தட்டுதான் இடம்.

உண்மை: திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று படும் இடம் அது. அங்கே ஊறுகாய், சாஸ் போதும்.

நம்பிக்கை: கரண்ட் போனால் அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும்.

உண்மை: திறக்கவே கூடாது. மூடியபடி இருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24. அந்தந்த நேரத்துக்கு மேல் போனால் மீன், இறைச்சி, பால், சமைத்த சோறு, குழம்பு எதையும் ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.