கிணற்றடியும் எருக்குழியும்: வீட்டுத் தூய்மையில் குடும்ப நலம்

பயிரில் நோய் கண்ட பிறகு மருந்தடிப்பதைவிட, நோய் வராமல் காப்பதே செலவு குறைவு என்பதை விவசாயிகள் அனைவரும் அறிவார்கள். குடும்பத்துக்கும் இதே விதிதான். நடவு நேரத்தில் வீட்டில் ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால், தாயின் வேலை நின்றுவிடுகிறது. மருந்துக்கும் போக்குவரத்துக்கும் கைப்பணம் கரைகிறது. உடலில் நீர் வற்றிவிட்டால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள்காமாலை போன்ற நோய்களில் பல, அசுத்தமான தண்ணீராலும் கழுவாத கைகளாலும் வருபவை. ஆகவே வீட்டுத் தூய்மையைக் கிணற்றடியிலிருந்து தொடங்க வேண்டும்.

நெருங்கிவிட்ட மனைகள்

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் முன்பு வீட்டைச் சுற்றி இடம் தாராளமாக இருந்தது. இன்று நிலை வேறு. அம்பத்தூர் 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆயிற்று. வயல்கள் மனைகளாகின்றன. பாகப்பிரிவினையில் கொல்லைப்புறமும் சுருங்கிவிட்டது. ஒரே மனைக்குள் கிணறு, மாட்டுக் கொட்டகை, குப்பைமேடு, கழிப்பறைத் தொட்டி எல்லாம் நெருங்கி நிற்கின்றன. அடுத்த வீட்டுக் கழிப்பறைத் தொட்டி நம் கிணற்றுக்குப் பக்கத்தில் அமைந்துவிடுவதும் உண்டு.

கழிப்பறைத் தொட்டி, எருக்குழி, சாக்கடை ஆகியவை குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி, கிணற்றைவிடத் தாழ்வான பக்கத்தில் இருக்க வேண்டும். இதற்கு இடமில்லாத வீடுகளில் அந்தக் கிணற்று நீரைப் பாசனத்துக்கும் மாடு கழுவவும் வைத்துக்கொண்டு, குடிப்பதற்கு வேறு நல்ல நீரைக் கொண்டுவருவதே பாதுகாப்பு.

தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரா?

"எங்கள் கிணற்று நீர் கண்ணாடி போல் இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். நோய்க் கிருமி கண்ணுக்குத் தெரியாது. 1854ஆம் ஆண்டில் லண்டன் நகரில் பிராட் தெரு என்ற இடத்தில் காலரா பரவி 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தெருவின் கைப்பம்புத் தண்ணீரைக் குடித்தவர்களே பெரும்பாலும் இறந்தனர் என்பதை ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் வீடு வீடாக விசாரித்துக் கண்டறிந்தார். அந்தத் தண்ணீர் ருசியானது என்று தொலைவிலிருந்து வரவழைத்துக் குடித்தவர்களும் இருந்தார்கள்! பின்னர் ஆராய்ந்தபோது, நோயுற்ற ஒரு கைக்குழந்தையின் துணி அலசிய நீர், கிணற்றை ஒட்டியிருந்த மலக்குழியில் ஊற்றப்பட்டு, அது கிணற்றுக்குள் கசிந்தது தெரிய வந்தது.

குழந்தையின் மலத்தால் கெடுதல் இல்லை என்று நினைப்பது தவறு. அதையும் கழிப்பறையில்தான் கொட்ட வேண்டும். குழந்தைத் துணிகளைக் கிணற்றடியில் அலசக் கூடாது.

கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இரண்டரை அடி உயரம் இருக்கட்டும். சுற்றிலும் மூன்றடி அகலத்துக்குச் சிமெண்டுத் தளம் போட்டு, சிந்தும் நீர் வாய்க்கால் வழியே வாழைக்கோ கீரைப் பாத்திக்கோ போகச் செய்யுங்கள். ஆளுக்கொரு வாளியை இறக்காமல் கிணற்றுக்கென ஒரே வாளியை வைத்துக்கொள்ளுங்கள்.

எருக்குழியில் இரட்டை லாபம்

சாணத்தைக் குவியலாகப் போட்டு வைத்தால் ஈ முட்டையிடுகிறது. நமது வெயிலில் முட்டை ஈயாக மாற ஏழு முதல் பத்து நாட்களே போதும். அந்த ஈ சோற்றிலும் பாலிலும் வந்து உட்காருகிறது. திறந்த குவியலில் மழை பெய்தால் எருவின் சத்தும் கரைந்து போகிறது.

ஆகவே சாணத்தையும் கூளத்தையும் தினமும் வாரி எருக்குழியில் சேர்க்க வேண்டும். குழி 20 முதல் 25 அடி நீளம், 5 முதல் 6 அடி அகலம், 3 அடி ஆழம் இருக்கலாம். ஓரிரு மாடு வைத்திருப்பவர்கள் நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம். மாட்டுச் சிறுநீரில் ஊறிய கூளத்தை வீணாக்காதீர்கள். அதில் தழைச்சத்தும் சாம்பல் சத்தும் உண்டு. குழியை ஒரு முனையிலிருந்து நிரப்பி வர வேண்டும். தரைக்கு மேல் ஒன்றரை முதல் இரண்டடி உயர்ந்ததும் சாணமும் மண்ணும் குழைத்து மெழுகிவிட்டால், நான்கைந்து மாதத்தில் நல்ல தொழு உரம் கிடைக்கும்.

கிணற்றுக்கு மருந்து

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் 47 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய மழையில் கழிவுநீரும் வெள்ளமும் கலந்து கிணறுகளில் இறங்கிவிடும். ஆகவே மழைக்காலத்தில் கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் இடுவது அவசியம்.

அளவு அறிய எளிய கணக்கு இது. கிணற்றின் குறுக்களவை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நீரின் ஆழத்தாலும், 22 என்ற எண்ணாலும் பெருக்குங்கள். எல்லாம் அடிக் கணக்கில் இருந்தால், விடை லிட்டரில் வரும். 6 அடிக் குறுக்களவும் 12 அடி நீரும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 9,500 லிட்டர் இருக்கும். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம், சுமார் 25 கிராம் பவுடர் வேண்டும்.

பவுடரை வாளியில் சிறிது நீர்விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நீர் ஊற்றிக் கலக்குங்கள். பத்து நிமிடம் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் எடுத்துக் கிணற்று நீருக்குள் இறக்கி, மேலும் கீழும் அசைத்துக் கலக்குங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் போடக் கூடாது. இரவில் இட்டால் காலையில் நீர் எடுக்கலாம். திறந்து வைத்த பழைய பவுடருக்கு வீரியம் இராது. வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இந்த அளவு போதாது. முதலில் நீரை இறைத்துத் தூர் வாரி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு மருந்திட வேண்டும். அதுவரை வேறு நல்ல நீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

கை கழுவுதல்

சாணம் அள்ளிய பிறகும், கழிப்பறை சென்று வந்த பிறகும், குழந்தைக்குக் கால் கழுவிய பிறகும், சமைக்கும் முன்பும், உண்ணும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். குடிநீர்ப் பானையை மூடி வைத்து, நீண்ட பிடியுள்ள அகப்பையால் மொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால், உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை வாங்கிக் கரைத்துக் கொடுங்கள். அது கிடைக்கும்வரை, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து அடிக்கடி புகட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிந்தாலும், குழந்தை துவண்டாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இவற்றைத் தாய்மார்கள் பொறுப்பில் மட்டும் விட்டுவிடுவது முறையன்று. குழி வெட்டுவதும், தளம் போடுவதும், கிணற்றுக்கு மருந்திடுவதும் ஆண்கள் கைகொடுத்துச் செய்ய வேண்டிய வேலைகள். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒரு கயிற்றை எடுத்து, கிணற்றிலிருந்து எருக்குழிக்கும் கழிப்பறைத் தொட்டிக்கும் எத்தனை அடி என்று அளந்து பாருங்கள். 50 அடிக்குக் குறைந்தால் எருக்குழியை இந்த ஆண்டே மாற்றிவிடுங்கள்.