பிரேசிலிய ஜியு ஜிட்சு: முதலில் கீழே இருந்து எழுந்து வரக் கற்போம்

நான் பொறியியல் மாணவன். பிரேசிலிய ஜியு ஜிட்சு வகுப்பில் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இன்னும் வெள்ளைப் பட்டைதான், கோச் மாதிரி பேசும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் புதிதாகச் சேருகிறவருக்கு என்ன குழப்பம் வரும் என்பது எனக்கு இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பாடம்.

புதியவர்கள் பலருக்கு முதல் நாளே கழுத்தை நெரிக்கவும் கையை மடக்கவும் ஆசை. என் கருத்து வேறு. கீழே மாட்டிக்கொண்டால் எப்படி மூச்சு விடுவது, எப்படி வெளியே வருவது என்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

எங்கிருந்து வந்தது?

ஜப்பானில் ஜிகோரோ கானோ 1882-இல் கோடோகான் பள்ளியைத் தொடங்கி ஜூடோவை உருவாக்கினார். அங்கே பயின்ற மிட்சுயோ மயேடா 1914-இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியும் அவர் தம்பிகளும் தரையில் போராடும் பகுதியைத் தனிக் கலையாக வளர்த்தார்கள்.

1993-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் முதல் யூ.எஃப்.சி. போட்டி நடந்தது. கார்லோஸின் தம்பி ஹீலியோவின் மகன் ரொய்ஸ் கிரேசி, தன்னைவிட எடை கூடிய மூன்று பேரை ஒரே இரவில் வென்றார். முதலில் மோதியவர் குத்துச்சண்டை வீரர் ஆர்ட் ஜிம்மர்சன். ரொய்ஸ் அவர்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். எந்தப் பூட்டும் போடுவதற்கு முன்பே ஜிம்மர்சன் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்த நிலையிலிருந்து வெளியே வரும் வழி தெரியாவிட்டால், எவ்வளவு பலமாகக் குத்தத் தெரிந்தாலும் பயன் இல்லை.

நான்கு நிலைகள்

1. கார்டு: நாம் மல்லாந்து கிடந்தாலும் எதிராளி நம் கால்களுக்கு நடுவில் இருப்பார். கால்கள் நம் வசம் இருப்பதால் இங்கிருந்து தாக்கவும் முடியும். அவரைப் புரட்டி மேலே வந்தால் 2 புள்ளி.

2. சைட் கன்ட்ரோல்: கால்களைத் தாண்டிப் பக்கவாட்டில் வந்து நெஞ்சை அழுத்துவது. கார்டைத் தாண்டியதற்கு 3 புள்ளி.

3. மவுண்ட்: எதிராளியின் மேல் ஏறி உட்காருவது. 4 புள்ளி.

4. பேக் கன்ட்ரோல்: முதுகுப் பக்கம் போய் இரு கால்களையும் கொக்கிபோல் மாட்டுவது. இதற்கும் 4 புள்ளி.

புள்ளிகளைப் பாருங்கள், எந்த நிலையில் ஆபத்து கூடுதல் என்று தானாகப் புரியும்.

மூன்று கருவிகள்

முதலாவது பிரேம். முன்கை எலும்பை எதிராளிக்கும் நமக்கும் நடுவே தூண் மாதிரி வைப்பது. தசையால் தள்ளினால் ஒரு நிமிடத்தில் களைத்துவிடுவோம். எலும்பு சரியாக நின்றால் அவருடைய எடை தரைக்கு இறங்கிவிடும்.

இரண்டாவது பாலம். பாதங்களை ஊன்றி இடுப்பை உயரத் தூக்குவது.

மூன்றாவது இறால். பக்கவாட்டில் திரும்பி, பாதத்தை உந்தி, இடுப்பைப் பின்னால் நகர்த்துவது. உடம்பு இறால்போல் மடங்குவதால் இந்தப் பெயர்.

ஒரு பயிற்சி: மவுண்டிலிருந்து வெளியேறுதல்

எங்கள் வகுப்பில் நீலப் பட்டை அண்ணன் ஒருவர் 90 கிலோ. நான் 58. அவர் மவுண்டில் உட்கார்ந்தால் வெறும் பலத்தால் தூக்க முடியவே முடியாது. ஆனால் அவரும் ஒரு மேசை மாதிரிதான், இரண்டு கை, இரண்டு முழங்கால் என்று நான்கு கால்கள். ஒரே பக்கத்தில் இரண்டு காலை எடுத்துவிட்டால் மேசை அந்தப் பக்கம்தான் சாயும்.

அவருடைய ஒரு கையைப் பிடித்து நம் நெஞ்சோடு ஒட்டிவைக்கிறோம். அதே பக்கத்துக் காலை நம் பாதத்தால் வெளியிலிருந்து பூட்டுகிறோம். பிறகு பாலம் போட்டு, அந்தப் பக்கத் தோளுக்கு மேலாகப் புரள்கிறோம். இப்போது நாம் மேலே, அவருடைய கார்டுக்குள். கையை மட்டும் பிடித்துக் காலை விட்டுவிட்டால் அவர் காலை அகற்றி ஊன்றிக்கொள்வார். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

தட்டுவது தோல்வியா?

வீட்டில் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அடி படாதாப்பா?" நியாயமான கேள்வி. பதில் நம் கையில் இருக்கிறது. பூட்டு விழுந்ததும் எதிராளியை இரண்டு மூன்று முறை தட்ட வேண்டும். கை மாட்டியிருந்தால் வாயால் சொல்ல வேண்டும். உடனே அவர் விட்டுவிடுவார்.

ஆர்ம்பார் பூட்டில் எதிராளியின் முழு உடம்பும் நம் ஒரு முழங்கைமேல் வேலை செய்கிறது. "இன்னும் கொஞ்சம் தாங்குவோம்" என்று வீம்பு பிடித்தால் முழங்கை மூட்டுதான் போகும். அப்புறம் தேர்வில் பேனா பிடிப்பது எப்படி? கழுத்து நெரிப்பில் மூளைக்குப் போகும் இரத்தம் தடைபட்டு, சில விநாடிகளில் மயக்கம் வந்துவிடும். தட்டினால் அடுத்த நிமிடமே மறுபடி ஆரம்பிக்கலாம். பிடித்திருப்பவர் பக்கமும் ஒரு கடமை உண்டு: பூட்டை மெதுவாக இறுக்க வேண்டும், தட்டியவுடன் விட வேண்டும்.

வகுப்புக்குப் போகும் முன்

நகத்தை வெட்டுங்கள். மோதிரம், சங்கிலி, காப்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள். கோவில் கயிறு கட்டியிருந்தால் கோச்சிடம் முதலிலேயே சொல்லுங்கள், விரல் சிக்கினால் இருவருக்கும் காயம். உடையை ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் துவையுங்கள். இல்லையென்றால் படர்தாமரை வந்து வகுப்பு முழுக்கப் பரவும். பழைய காயம் இருந்தால் மறைக்காதீங்க.

வீட்டுப் பாடம்

இரவில் பாய் விரித்து, பக்கத்துக்குப் பத்து பாலம், பத்து இறால் செய்யுங்கள். பிறகு இந்த மூன்று கேள்விகளுக்குப் புத்தகத்தைப் பார்க்காமல் பதில் சொல்லிப் பாருங்கள்.

1. மவுண்டில் இருப்பவரின் கையையும் காலையும் ஏன் ஒரே பக்கத்தில் பூட்ட வேண்டும்?
2. பிரேம் வைக்கும்போது எடை எங்கே போகிறது?
3. எப்போது தட்ட வேண்டும், கை மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும்?

மூன்றாவதற்கு யோசிக்காமல் பதில் வந்தால், நீங்கள் முதல் வகுப்புக்குத் தயார்.