பழைய மோட்டார் வண்டியும் முன்பணமும்

விளைந்த காய்கறியை உழவர் சந்தைக்குக் கொண்டு செல்லவும், நெய்த சேலைக் கட்டுகளைச் சங்கத்தில் சேர்க்கவும் சிறிய சரக்கு வண்டி ஒன்று சொந்தத்தில் இருத்தல் நலம் என்று அங்கத்தினர் பலர் கருதுகின்றனர். புது வண்டியின் விலை எட்டாதபோது பழைய வண்டியைத் தேடுவது இயல்பே. முன்னர் இதற்குத் தரகரையோ பட்டறைக்காரரையோ நாடினோம். இப்பொழுது கைப்பேசியில் ஓ.எல்.எக்ஸ்., பேஸ்புக் முதலியவற்றில் வரும் விளம்பரங்களைப் பார்க்கிறோம். வசதியான முறைதான், குறை கூறுவதற்கில்லை. ஆயினும் ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தையில் மாடு வாங்குபவர் பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நடத்திப் பார்க்கிறார். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும்பொழுதும் மாடும் மாட்டுக்காரரும் கண்ணெதிரே நிற்கின்றனர். விளம்பரத்திலோ படம் மட்டுமே இருக்கிறது. இந்த வேற்றுமையை முதலாக வைத்தே மோசடிக்காரர்கள் தொழில் நடத்துகின்றனர்.

மூன்றரை லட்சம் ரூபாய் பெறக்கூடிய வண்டி ஒன்றேகால் லட்சத்திற்கு விளம்பரத்தில் காணப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். விசாரித்தால், தாம் ராணுவத்தில் பணிபுரிபவர் என்றும், திடீரென்று வட எல்லைக்கு மாற்றல் வந்துவிட்டதால் குறைந்த விலைக்கு விற்பதாகவும் மறுமுனையிலிருப்பவர் கூறுவார். நாம் கேளாமலே அடையாள அட்டை, கான்டீன் அட்டை, ஆர்.சி. புத்தகம் ஆகியவற்றின் படங்களை அனுப்புவார். அவை மெய்யானவையாகவே இருக்கக்கூடும். வேறொருவரிடம் ஏமாற்றிப் பெற்றவை. வண்டியை நேரில் பார்க்க வேண்டும் என்றால், அது முகாமுக்குள் இருக்கிறது, அல்லது விமான நிலையத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது, ராணுவப் பார்சலில் வீட்டுக்கே வந்துவிடும், அனுப்பும் செலவு சில ஆயிரம் மட்டும் என்பார். அதைச் செலுத்தியதும் வாயில் அனுமதிக் கட்டணம், பிறகு வரி, பிறகு திருப்பித் தரப்படும் காப்புத் தொகை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதலில் கொடுத்த மூவாயிரம் வீணாகக் கூடாதே என்று அடுத்த எட்டாயிரம் கொடுக்கிறோம்; அதைக் காப்பாற்றப் பதினைந்தாயிரம். வண்டி மட்டும் வருவதில்லை. நாட்டைக் காப்பவர்களிடம் மக்கள் வைத்துள்ள மதிப்பையே தூண்டிலாக்குவது இதில் மிகவும் வெறுக்கத்தக்கது.

இதன் கடைசிப் படி கவனிக்கத்தக்கது. சந்தேகம் கொண்டு பணத்தைத் திருப்பிக் கேட்டால் உடனே இசைவார். ஒரு கியூ.ஆர். படத்தை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து பின் எண்ணை இட்டால் பணம் வந்துவிடும் என்பார். யு.பி.ஐ. முறையில் பின் எண் என்பது நம் கணக்கிலிருந்து பணம் வெளியே செல்வதற்கு மட்டுமே வேண்டும். பணம் பெறுவதற்குப் பின் எண்ணும் வேண்டாம், ஸ்கேன் செய்யவும் வேண்டாம்.

வண்டியைக் கண்ணால் பார்க்காமல் ஒரு காசும் கொடேன் என்று உறுதி கொண்டவர் மேற்கண்ட மோசத்திற்குத் தப்பிவிடுவார். ஆனால் அவரையும் வீழ்த்தும் வகை ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவாதலால் சற்று விரிவாகக் கூறுகிறேன்.

உண்மையான உரிமையாளர் ஒருவர் தம் வண்டியை மூன்று லட்சத்திற்கு விளம்பரம் செய்கிறார். மோசடிக்காரன் அந்தப் படங்களை எடுத்து, இரண்டேகால் லட்சம் என்று தன் பெயரில் வேறொரு விளம்பரம் போடுகிறான். நாம் அவனை அழைக்கிறோம். அவன் உரிமையாளரை அழைத்து, "உங்கள் விலைக்கே வாங்கிக்கொள்கிறேன். என் மைத்துனர் வந்து வண்டியைப் பார்ப்பார். அவருக்கு நான் பணம் தர வேண்டியிருக்கிறது. அதற்கு ஈடாக இந்த வண்டியைக் கொடுக்கிறேன். அவரிடம் விலையைப் பற்றிப் பேச வேண்டாம்" என்கிறான். நம்மிடமோ, "வண்டியைக் காட்டுபவர் என் உறவினர், விலை எல்லாம் என்னோடுதான், அவரிடம் பேச வேண்டாம்" என்கிறான். நாம் செல்கிறோம். வண்டி இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, ஓட்டிப் பார்க்கிறோம், எல்லாம் திருப்தி. பணத்தை அவன் சொன்ன கணக்குக்கு அனுப்புகிறோம். சாவியைக் கேட்டால் உரிமையாளர் திகைக்கிறார். அவருக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. இருவரும் ஒருவரையொருவர் திருடர் என்று எண்ணிச் சண்டையிடுகின்றனர். நடுவிலிருந்தவனின் கைப்பேசி அதற்குள் அணைந்துவிடுகிறது.

"விலையைப் பேச வேண்டாம்" என்ற சொல் எப்பக்கத்திலிருந்து வந்தாலும் அதுவே அடையாளம். வண்டியருகே நிற்பவரிடம், இது யார் பெயரில் இருக்கிறது, என்ன விலை, பணம் யார் கணக்கில் சேர வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். ஆர்.சி.யில் உள்ள பெயரும் பணம் செல்லும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருத்தல் வேண்டும். உரிமையாளரின் தம்பி, மேலாளர், முதலாளியின் கணக்கு என்று வேறு பெயர் சொல்லப்படுமானால் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு வீடு திரும்புவதே தக்கது.

பத்திரங்களைச் சரிபார்ப்பது இப்பொழுது எளிது. எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைக் கொடுத்தால் பதிவு நாள், இன்ஷூரன்ஸ், எப்.சி. முதலிய விவரங்கள் தெரியும். உரிமையாளர் பெயரைச் சில எழுத்துக்களை மறைத்தே காட்டும். எனினும் ஒப்பிட அது போதும். எஞ்சின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் வண்டியிலேயே படித்துப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். சேஸிஸ் எண் பதினேழு எழுத்துக்கள் கொண்டது. அவற்றுள் ஐ, ஓ, கியூ என்னும் ஆங்கில எழுத்துக்கள் இடம்பெறுவதில்லை. அவ்விடத்தில் அரம் தேய்த்த தடமோ புதுப் பூச்சோ காணப்பட்டால் விலகிவிடுக. புத்தகத்தில் கடன் பதிவு இருந்தால், கொடுத்த பாங்கின் தடையில்லாச் சான்றும், அதன் ஒப்பமிட்ட 35-ஆம் படிவமும் இன்றி வாங்கலாகாது.

வண்டியின் உடல்நிலையை நமக்கு நம்பகமான மெக்கானிக் பார்த்துக்கொள்வார். எனினும் 2015, 2023 ஆண்டுகளின் டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் எத்தனையோ வண்டிகள் நீரில் மூழ்கின என்பதை நினைவிற்கொண்டு, இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்து அதன் அடியில் சேற்றுக் கறை உண்டா என்றும், கால்விரிப்பின் கீழ் துரு உண்டா என்றும் பார்ப்பது நன்று. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். மீட்டர் முப்பதாயிரம் காட்ட, பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், மீட்டரை நம்ப வேண்டாம்.

பணம் கொடுக்கும் நாளன்றே 29, 30-ஆம் படிவங்களில் உரிமையாளரின் கையொப்பம் பெறுக. வாங்கியவர் 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும், 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் பெயர் மாற்றத்திற்கு மனுச்செய்ய வேண்டும். வண்டியை விற்கும் அங்கத்தினருக்கும் இதில் அக்கறை உண்டு: பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவிலுள்ள உரிமையாளரையே சாரும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

ஒருவேளை பணம் போய்விட்டால், வெட்கத்தால் மறைத்துவைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். சைபர் குற்றங்களுக்காக ஏற்பட்ட எண் இது. பணம் கைமாறி எடுக்கப்படுவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்தால் அதைப் பாங்கில் நிறுத்திவைக்க முடியும்; ஒரு நாள் தாமதித்தால் அது பல கணக்குகளில் சிதறிவிடும். அழைக்குமுன் பணம் அனுப்பிய நேரம், தொகை, பரிவர்த்தனை எண், சென்ற கணக்கு ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்க. அவனுடைய செய்திகளையும் படங்களையும் கோபத்தில் அழித்துவிட வேண்டாம். அவை காவல் நிலையத்தில் தேவைப்படும்.