இரு பெயர், ஒரே மருந்து

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளியிடம் பழைய மருந்துச்சீட்டும் புதிய விடுவிப்புச்சீட்டும் சேர்ந்துவிடுகின்றன. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்னும் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

முதியவர் ஒருவர் இரத்த அழுத்தத்திற்காக அம்லோடிபின் மாத்திரையை ஒரு வணிகப் பெயரில் உட்கொண்டு வந்தார். மருத்துவமனையில் அதே மருந்தை வேறு வணிகப் பெயரில் எழுதிக் கொடுத்தனர். பெயரும் அட்டையின் நிறமும் வேறாக இருந்தமையால், அவர் இரண்டையும் உட்கொண்டார். சில நாள்களில் தலைசுற்றல் கண்டது. தெருமுனை மருந்துக்கடைக்கு வந்தவரிடம், "வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் கொண்டு வாருங்கள், ஐயா" என்றார் மருந்தாளுநர். ('கடைக்காரர்' என்றே பலரும் அவரை அழைப்பர்.) இரு அட்டைகளிலும் அச்சிட்டிருந்த மூலப்பெயரை அவர் ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றே! உடனே மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து உறுதி செய்துகொண்ட பின்னரே, பழைய அட்டையை நிறுத்தச் சொன்னார்.

நோயாளிக்கு மருந்து குறித்து விளக்குவதை மருந்தாளுநரின் கடமையாக, 2015ஆம் ஆண்டின் இந்திய மருந்தகத் தொழில் ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. இங்கிலாந்தில் 2021 முதல், உதவி தேவைப்படும் நோயாளிகளின் மருந்து விவரங்களை மருத்துவமனைகளே மருந்துக்கடைக்கு அனுப்புகின்றன. இந்தியாவில் அவ்விவரத்தைச் சுமந்து வருபவர் பெரும்பாலும் நோயாளியே.

வினா: இரண்டும் ஒரே மருந்து என்பதை மருந்தாளுநர் எவ்வாறு அறிந்தார்?